உழிஞை மட்டும் போதுமா? 1791 பெங்களூர்ப் பேட்டைச் சண்டையும் ‘தேர்ந்த படை’ என்னும் அளவுகோலும்

நகரச் சண்டைகளைப் பற்றி எழுதும் போர் வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியிலிருந்து தொடங்குகின்றனர்: தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்ட படைப்பிரிவு எப்படிச் சண்டையிட்டது? அதன் துணிவு, ஒழுங்கு, வேகம், அது கொடுத்த உயிர்விலை ஆகியவை கணக்கிடப்படுகின்றன. கணக்கின் முடிவில் அப்பிரிவுக்குப் புகழோ பழியோ வழங்கப்படுகிறது. கேள்வி தவறானதன்று. ஆனால் அது ஒன்றே கேள்வியாக நிற்கும்போது நகரம் வெறும் களமாகச் சுருங்குகிறது. அந்நகரைக் காத்தவர்கள் எண்ணிக்கையாகிறார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. 1791 மார்ச் மாதம் பெங்களூரில் நடந்த சண்டையும், அது இதுவரை எழுதப்பட்டுள்ள முறையும் இதற்குத் தெளிவான சான்று.

அன்றைய பெங்களூர் இரு பகுதிகளால் ஆனது. வடக்கே பேட்டை, அதை ஒட்டித் தெற்கே கோட்டை. 1537இல் கெம்பெகௌடர் நிறுவியதாகக் கொள்ளப்படும் இந்நகரின் மண்கோட்டையை ஹைதர் அலி 1761 முதல் கல்லால் எடுத்துக் கட்டினார். பேட்டையோ வணிகரும் நெசவாளரும் கைவினைஞரும் தொழில்வாரியாகத் தெருக்களில் வாழ்ந்த ஊர். அக்கிப்பேட்டை, பளேப்பேட்டை, கும்பாரப்பேட்டை, திகளரப்பேட்டை என இன்றும் வழங்கும் பெயர்கள் அந்த அமைப்பின் எச்சங்கள். பேட்டையைச் சுற்றி மதில், ஆழமான அகழி, அதற்கப்பால் அடர்ந்த முள்வேலிக் காடு. வாயில்களை விட்டால் உள்ளே நுழைய வழியில்லை. பீரங்கிப் போருக்கு ஈடுகொடுக்கக் கூடிய அரண் கோட்டையே. பேட்டையின் மதில் அத்தகையது அன்று. ஆனால் நெருக்கமான வீடுகளும் குறுகிய தெருக்களும் எந்தப் படையையும் தடுமாற வைக்கப் போதுமானவை.

மூன்றாம் மைசூர்ப் போரின் முதல் ஆண்டு கும்பினிக்குக் கைகொடுக்கவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து கோயம்புத்தூர் வழியாக மைசூரை நெருங்க முயன்ற மெடோஸின் 1790ஆம் ஆண்டுப் படையெடுப்பு பயனற்று முடிந்தது. கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் தாமே சென்னைக்கு வந்து படைத்தலைமையை ஏற்றார். 1791 பிப்ரவரியில் புறப்பட்ட அவர், ஆம்பூர்க் கணவாய் வழியாக ஏறப்போவதாகப் போக்குக் காட்டிவிட்டு, முகளிக் கணவாய் வழியாக மேட்டுநிலத்தை அடைந்தார். கோலாரும் ஹொஸ்கோட்டையும் எதிர்ப்பின்றிப் பணிந்தன. மார்ச் 5 அன்று படை பெங்களூர் முன் நின்றது.

இந்தப் படையின் ‘தேர்ந்த’ பகுதி எது? அக்கால ஆங்கிலக் காலாட்படைப் பட்டாளம் ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பெனிகள் தனித்து எண்ணப்பட்டன. உயரமும் உடல்வலியும் கொண்டோர் கிரனேடியர் கம்பெனியிலும், விரைந்து இயங்குவோர் இலகு காலாட்படைக் கம்பெனியிலும் சேர்க்கப்பட்டனர். மதிலேறும் வேளையில் இவர்களே முன்னால் அனுப்பப்பட்டனர். பழந்தமிழ்ச் சொல்லில் சொன்னால் தூசிப்படை. அரசரின் ரெஜிமென்ட்டுகள் கும்பினியின் பட்டாளங்களைவிட உயர்ந்தவையாகக் கருதப்பட்டன. குதிரைப்படையில் அந்த இடம் 19ஆம் இலகு டிராகூன் ரெஜிமென்ட்டுக்கு உரியது. இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் ஆங்கில அரசுக் குதிரைப்படை ரெஜிமென்ட் அதுவே.

தேர்ந்த படை என்னும் அளவுகோல் முதல் அடியிலேயே இடறியதைக் கவனிக்க வேண்டும். மார்ச் 6 அன்று, நிலத்தை ஆராயச் சென்றோருக்குக் காவலாக அனுப்பப்பட்ட ஃபிளாய்டின் குதிரைப்படை, திப்புவின் படையின் பின்பகுதி கண்ணில் பட்டதும் இட்ட பணியை விட்டுத் துரத்தத் தொடங்கியது. தொடக்கத்தில் வெற்றிதான். பின்னர் கரடுமுரடான நிலத்தில் மைசூர்க் காலாட்படையின் துப்பாக்கிச் சூட்டில் சிக்கியது. ஃபிளாய்டின் முகத்தில் குண்டு பாய்ந்தது. படை குலைந்து திரும்பியது. நூற்றுக்கணக்கான குதிரைகள் இழக்கப்பட்டன. பின்னாலிருந்த கௌடியின் காலாட்படைப் பிரிவு நின்று தாங்கியதால்தான் இழப்பு அவ்வளவோடு நின்றது. படையின் மிகச் சிறந்த குதிரைவீரர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சிறப்பு, பொருந்தாத நிலத்திலும் இடாத கட்டளையிலும் அவர்களைக் காக்கவில்லை.

மறுநாள், மார்ச் 7, பேட்டையைத் தாக்கும் நாள். கார்ன்வாலிஸுக்குப் பேட்டை தேவைப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கோட்டையை நெருங்கப் பேட்டையின் மறைவு வேண்டும். அதைவிட அவசரமான காரணம், மாடுகளுக்குத் தீவனமும் படைக்குத் தானியமும் வேண்டும். அரசரின் 36ஆம் ரெஜிமென்ட்டும் வங்காளச் சிப்பாய்களும் அல்சூர் வாயிலை நோக்கி அனுப்பப்பட்டனர். முதல் வாயில் விரைவில் விழுந்தது. உள்வாயிலைச் சிறு பீரங்கிகளால் உடைக்க முடியவில்லை. சென்னைப் பீரங்கிப்படையின் தலைவர் கர்னல் மூர்ஹவுஸ் பெரிய பீரங்கியை வாயிலின் அருகே கொண்டுவந்து நிறுத்தும் பணியில் பல குண்டுகள் பாய்ந்து இறந்தார். கதவில் சிறிய பிளவு விழுந்ததும், அயர் என்னும் சிற்றுருவம் கொண்ட லெப்டினன்ட் முதலில் அதற்குள் நுழைக்கப்பட்டார். பின்னர் கிரனேடியர்கள் நுழைந்தனர், வாயில் திறந்தது.

சண்டை அங்கே முடியவில்லை. பேட்டை இவ்வளவு எளிதில் தாக்கப்படும் என எதிர்பாராத திப்பு, கமருதீன் கான் தலைமையில் ஏறத்தாழ 6000 காலாட்படையினரை எவ்வகையிலும் பேட்டையை மீட்கும்படி அனுப்பினார். அடுத்து நடந்தது முழுமையான தெருச்சண்டை. துப்பாக்கிச் சூட்டளவில் இருதரப்பும் ஏறக்குறையச் சமமாக நின்றதை ஆங்கிலக் குறிப்புகளே ஒப்புக்கொள்கின்றன. 36ஆம், 76ஆம் ரெஜிமென்ட்டுகளும் வங்காளச் சிப்பாய்களும் சுடுவதை நிறுத்திப் பயனெட்டை நீட்டித் தெருத்தெருவாக முன்னேறிய பிறகே நிலைமை மாறியது. மாலைக்குள் பேட்டை கும்பினியின் கையில். ஆங்கிலக் கணக்கின்படி அவர்கள் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் சுமார் 130 பேர். மைசூர்த் தரப்பில் 2000க்கு மேல் என அதே கணக்கு கூறுகிறது.

கோட்டை விழ மேலும் இரண்டு வாரங்கள் ஆயின. அது வினோதமான முற்றுகை. கோட்டையை முழுவதும் வளைக்கப் போதிய படை கார்ன்வாலிஸிடம் இல்லை. கோட்டைக்குள் புதிய ஆட்களை அனுப்பும் வழி திப்புவுக்குத் திறந்தே இருந்தது. வெளியே திப்புவின் களப்படை முற்றுகையிட்டோரையே சுற்றிக்கொண்டிருந்தது. மதிலில் உடைப்பு ஏற்பட்டதும், மார்ச் 21 இரவு, நிலவொளியில் ஓசையின்றி கிரனேடியர், இலகு காலாட்படைக் கம்பெனிகள் ஏறின. கோட்டைத் தலைவர் பகதூர் கான், முதுமையிலும் இடம் விட்டகலாமல் உடைப்பில் போரிட்டு மடிந்தார். அவர் உடலை மரியாதையுடன் ஒப்படைக்கக் கார்ன்வாலிஸ் முன்வந்தபோது, அங்கேயே முறைப்படி அடக்கம் செய்யுமாறு திப்பு விடை அனுப்பினார். கோட்டைக்குள் புதைக்கப்பட்ட மைசூர் வீரர்களின் உடல்கள் ஆயிரத்துக்கும் மேல்.

படைத்தொழில் என்ற அளவில் மட்டும் பார்த்தால் தீர்ப்புக் கடினமானதன்று. மார்ச் 7 அன்று அறிமுகமில்லாத தெருக்களில் எண்ணிக்கையில் மிகுந்த எதிரியை எதிர்கொண்டு, சூட்டை அடக்கிப் பயனெட்டுக்கு மாறியது நீண்ட பயிற்சியின் பயன். மார்ச் 21 இரவு காத்த மௌனமும் அவ்வாறே. தெருச்சண்டையில் படை சிதறுவதே இயல்பு. ஒவ்வொரு மூலையிலும் அதிகாரியின் குரல் கேட்காது. அங்கே சிதறாமல் நின்றது குறைத்து மதிப்பிட வேண்டிய செயலன்று. காலனிய எதிர்ப்பின் பெயரால் இதை மறுப்பது ஆய்வுக்கு உதவாது.

ஆனால் எதற்காக அந்தப் பேட்டை வெல்லப்பட்டது என்ற கேள்விக்குத் திரும்பினால் படம் மாறுகிறது. பேட்டையில் கிடைத்த தீவனம் சில நாட்களில் தீர்ந்தது. வீடுகளின் கூரை வேய்ந்த பழைய வைக்கோலைப் பிரித்து மாடுகளுக்குப் போட வேண்டிய நிலை வந்தது. புல்லின் வேரையும் தோண்டி எடுத்தனர். முற்றுகைப் பீரங்கிகளை இழுக்க வேண்டிய மாடுகள் நாள்தோறும் செத்தன. கோட்டை விழுந்தபின் வடக்கே சென்று நிஜாமின் குதிரைப்படையைச் சேர்த்துக்கொண்டதில், தீவனத்துக்கு வாய்கள் கூடினவேயன்றிப் பயன் கூடவில்லை. மே மாதத் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் புறப்பட்ட படை, மே 15 அன்று அரகெரேயில் வென்றது. வென்ற ஒரு வாரத்திலேயே கண்ணம்பாடியில் தன் முற்றுகைப் பீரங்கிகளைத் தானே உடைத்துவிட்டுப் பின்வாங்கியது. மாடு இல்லை, தானியம் இல்லை, ஆட்களிடையே நோய். அந்தப் படையைத் திருப்பி அனுப்பியது பட்டினி. பேட்டைத் தெருக்களில் அதே படையின் எந்த வீரனும் பின்வாங்கியிருக்கவில்லை.

1792இன் இரண்டாம் படையெடுப்புக்குப் பெங்களூர் கிடங்காகப் பயன்பட்டது உண்மை. எனினும் அந்தப் படையெடுப்பைச் சாத்தியமாக்கியவர்கள் கிரனேடியர்கள் மட்டுமல்லர். தம் பொதிமாடுகளில் தானியம் கொண்டுவந்து விற்ற பஞ்சாராக்கள் இல்லாமல் அது நகர்ந்திராது. நந்திதுர்க்கமும் சாவனதுர்க்கமும் விழுந்து வழி திறந்ததும், மராட்டியரும் நிஜாமும் உடன் நின்றதும் அதில் சேரும். இறுதியில் 1792 மார்ச் உடன்படிக்கையில் கும்பினி தன் பங்காகப் பெற்றவை பாராமகால், திண்டுக்கல், மலபார் முதலியன. பெங்களூர் திப்புவிடமே திரும்பிச் சென்றது. அவரோ, இரண்டாம் முறை பகைவனுக்குப் பயன்படாதவாறு கோட்டையின் அரண்களை இடித்தார். அவ்வளவு உயிர்கள் கொடுத்து ஏறிய மதில், ஏறியவர்களிடமும் நிலைக்கவில்லை, இழந்தவர்களிடமும் நிலைக்கவில்லை. மாறாக, ஒரு தெருச்சண்டையும் இல்லாமல் மேசையில் கைமாறிய பாராமகாலில்தான் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலவரி முறையொன்றைத் தொடங்கினர். சேலம், கிருஷ்ணகிரி, தருமபுரி உழவர்களின் வாழ்வில் நெடுங்காலம் நிலைத்த ரயத்துவாரியின் தொடக்கம் அது.

இதற்கு ஒரு மறுப்பு எழும். படைவீரனின் செயற்பாட்டை அவனுக்கு இடப்பட்ட பணியைக் கொண்டே மதிப்பிட வேண்டும். தீவனக் கணக்குக்கும் உடன்படிக்கைக்கும் அவனைப் பொறுப்பாக்குவது முறையன்று என்பார்கள். ஏற்கத்தக்க மறுப்பு. 36ஆம் ரெஜிமென்ட்டின் சிப்பாய் ஒருவன் மாடுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பை ஏற்பவர்கள் அதன் மறுபக்கத்தையும் ஏற்க வேண்டும். தோல்விக்கு அவன் பொறுப்பல்லன் என்றால் வெற்றியும் அவனுக்கு மட்டும் உரியதன்று. ‘தேர்ந்த படையின் செயற்பாடு’ ஒரு வாயிலில், ஒரு தெருவில், ஓர் இரவில் என்ன நடந்தது என்பதை விளக்கும். ஒரு நகரம் ஏன் விழுந்தது, விழுந்து என்ன ஆயிற்று என்பவற்றை அது விளக்காது. நூல்களில் நிகழும் பிழை, முதலாவதற்கான விடையை இரண்டாவதற்கும் நீட்டிவிடுவதுதான்.

அடுத்த சிக்கல், ‘தேர்ந்தோர்’ என்ற வரிசை எங்கே உருவாகிறது என்பது. மூர்ஹவுஸை எடுத்துக்கொள்ளலாம். மைசூர்ப் போர்களின் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ் அவரைக் கடைநிலை வீரராகச் சேர்ந்து தம் முயற்சியால் கற்று உயர்ந்தவர் எனப் புகழ்கிறார். அப்படையுடன் வந்த ஓவியர் ராபர்ட் ஹோம் அவருடைய மரணத்தைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். அது இன்று இலண்டனில் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவியத்தின் நடுவே சாயும் அதிகாரி. சுற்றிலும் அவரைத் தாங்கும் கைகள். வாழ்ந்தபோது கடைநிலையிலிருந்து வந்தவர், இறந்தபின் உயர்குடி வீர மரபின் சட்டகத்துக்குள் வைக்கப்படுகிறார். உயர்ந்த வரிசை பிறப்பால் மட்டும் அமைவதில்லை. ஆவணத்தாலும் ஓவியத்தாலும் அது பின்னர் அமைக்கப்படுகிறது.

அதே வாயிலின் முன் அதே நாளில் நின்ற வங்காளச் சிப்பாய்களின் பெயர் எந்த ஓவியத்தின் தலைப்பிலும் இல்லை. சிப்பாய்ப் பட்டாளங்களிலும் கிரனேடியர் கம்பெனிகள் இருந்தன. படைத்தொழிலின் சொந்த அளவுகோலின்படியே அவர்களும் தேர்ந்தோர்தாம். 1780இல் உருவான சென்னைப் பயோனியர்களும் இந்தப் போரில் இருந்தனர். ஏணி சுமப்பது, பாதை வெட்டுவது, பள்ளம் தோண்டுவது அவர்கள் வேலை. சுடும் கருவி கையில் இல்லாமல் சூட்டின் கீழ் நடக்கும் வேலை அது. தமிழ், தெலுங்கு பேசிய ஊர்களிலிருந்து வந்த அவர்களின் வழித்தோன்றலான சென்னைப் பொறியாளர் படையின் தலைமையகம் இன்று இதே பெங்களூரில், அல்சூர் ஏரியின் கரையில் இருக்கிறது. ‘தம்பி’ என்று இராணுவம் முழுவதும் அன்போடு அழைக்கப்படும் அந்தப் படையின் முன்னோர் 1791 பற்றிய கதைகளில் ‘ஏணிகள் கொண்டுவரப்பட்டன’ என்ற செயப்பாட்டு வினையின் உள்ளே மறைந்து கிடக்கிறார்கள். ஏணி தானாக வராது.

எண்களையும் இதே ஐயத்தோடு அணுக வேண்டும். ஒருபுறம் 130, மறுபுறம் 2000 என்ற இரண்டு எண்களும் பாடநூல்களில் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. முதலாவது பட்டாளப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொருவராக எண்ணிச் சொல்லப்பட்டது. இரண்டாவது வென்றவர் களத்தைப் பார்த்துச் சொன்ன மதிப்பீடு. இரண்டையும் ஒரே வரியில் எழுதியவுடன் அவை ஒரே தரத்துச் சான்றுகள் போலத் தோன்றுகின்றன. அவற்றை வகுத்து ‘திறன் விகிதம்’ கண்டு, தேர்ந்த படையின் மேன்மைக்கு ஆதாரமாகக் காட்டுவது இன்னும் பெரிய பிழை. மேலும் அந்த 2000 பேரில் படைவீரர் எத்தனை, தம் வீட்டு வாசலில் அகப்பட்ட பேட்டைவாசிகள் எத்தனை என்று அந்த மதிப்பீடு பிரித்துச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் தமிழ் மாணவர்கள் தம் இலக்கண மரபிலிருந்தே ஒரு கருவியைப் பெறலாம். மதிலை முற்றுவோரின் ஒழுக்கம் உழிஞை. மதிலைக் காப்போரின் ஒழுக்கம் நொச்சி. தொல்காப்பியம் இரண்டையும் உழிஞைக்குள் அடக்குகிறது. புறப்பொருள் வெண்பாமாலையோ நொச்சியைத் தனித்திணையாக்குகிறது. இதை வெறும் வகைப்பாட்டு வேறுபாடாகக் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் அதற்குள் ஒரு வரலாற்றியல் கொள்கை இருக்கிறது. காப்போரின் செயல் தாக்குவோரின் செயலுக்குப் பின்னிணைப்பா, அல்லது தனக்கென மொழியும் துறைகளும் கொண்ட தனிப்பொருளா என்பதே அந்த வினா. 1791 பெங்களூரைப் பற்றி நாம் படிப்பவை அனைத்தும் உழிஞை நூல்கள். வில்க்ஸும் அவர் காலத்து ஆங்கில இராணுவக் குறிப்பாசிரியர்களும் நேர்மையற்றவர்கள் அல்லர். எதிரியின் வீரத்தைப் பல இடங்களில் தயங்காமல் பாராட்டுகிறவர்கள். ஆனால் அவர்கள் நின்ற இடம் மதிலுக்கு வெளியே.

நொச்சியை எழுத முற்படுவோரும் ஒரு பொறியில் விழுகின்றனர். பகதூர் கானை எடுத்துவந்து மூர்ஹவுஸுக்கு எதிரே நிறுத்தினால் கணக்கு நேராகிவிடும் என நினைக்கின்றனர். மைசூர்த் தரப்பில் கிர்மானியின் பாரசீக வரலாறு போன்ற நூல்களும் அரசவையைச் சார்ந்தவையே. அவற்றிலும் பெயர் பெறுபவர் தளபதியே. ஒரு மாவீரனுக்கு எதிரே மற்றொரு மாவீரனை வைப்பது தேர்ந்தோர் வரலாற்றை இரட்டிப்பாக்குகிறதேயன்றி மாற்றுவதில்லை. மார்ச் 7 அன்று கமருதீன் கானுடன் பேட்டைக்குள் இறங்கிய 6000 பேர் சாதாரணக் காலாட்படையினர். ஐரோப்பாவின் பெயர்பெற்ற ரெஜிமென்ட்டுகளுடன் துப்பாக்கிச் சூட்டில் சமமாக நின்றவர்கள் அவர்கள். அவர்களுடைய பயிற்சி, ஊதியம், ஊர்கள் பற்றிய ஆய்வுதான் உண்மையான நொச்சி ஆய்வு.

அதற்கும் அப்பால் இருப்பவர்கள் பேட்டையின் மக்கள். கூரை வைக்கோலை உருவிய மாட்டுப்படையை அவர்கள் பக்கமிருந்து பார்த்தால், அது அவர்கள் தலைக்கு மேலிருந்த கூரை. ‘தானியம் கைப்பற்றப்பட்டது’ என்னும் தொடருக்கு அவர்கள் பக்கத்தில் பொருள், அடுத்த அறுவடை வரை உண்ண வைத்திருந்தது போயிற்று என்பது. தர்மராயர் கோயிலைச் சுற்றி வாழ்ந்த திகளர், தறியோடு வாழ்ந்த நெசவாளர், மண்டி வணிகர் ஆகியோருக்கு அந்த மார்ச் மாதம் என்னவாயிற்று என்பதை எந்தப் பட்டாளப் பதிவேடும் சொல்லாது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன், பேட்டையின் நெசவும் வணிகமும் மீண்டுவருவதைப் பதிவு செய்கிறார். வெல்லப்பட்ட நகரத்தை மீண்டும் நகரமாக்கியவர்கள் யார் என்பதற்கு அந்தப் பதிவு ஒரு தொடக்கப் புள்ளி.

பழைய போர் என்று இதை ஒதுக்கிவிட முடியாது என்பதற்குத் தமிழர்களின் அண்மை நினைவிலேயே சான்று உண்டு. 1987 அக்டோபர் 11, 12 இடைப்பட்ட இரவில், இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் திடலில் ஹெலிகாப்டர்களில் வீரர்களை இறக்கியது. விடுதலைப் புலிகளின் தலைமையைப் பிடிப்பது நோக்கம். அனுப்பப்பட்டவர்கள் 10ஆம் பாரா கமாண்டோப் படையினரும் 13ஆம் சீக்கிய இலகு காலாட்படையினரும். இந்திய இராணுவத்தின் தேர்ந்த பிரிவுகளில் கமாண்டோக்கள் முன்வரிசை. ஆனால் செய்தி முன்னதாகவே எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்தது; திடல் சூட்டு வளையத்துக்குள் இருந்தது. தரையிறங்கிய 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் மடிந்தனர், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்கள் அருகிலிருந்த வீடுகளுக்குள் அரண்கொண்டு, கவசவண்டிகள் வந்து மீட்கும்வரை தாக்குப்பிடித்தனர்; ஆறு பேரை இழந்தனர்.

இந்நிகழ்வைப் பற்றிய இராணுவ எழுத்துகள் பெரும்பாலும் கமாண்டோக்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதையே பேசுகின்றன. அவர்கள் துணிவு உண்மை. கடைசித் தோட்டா வரை நின்றதாகச் சொல்லப்படும் சீக்கிய வீரர்களின் துணிவும் உண்மை. ஆனால் உளவறிவு இல்லாத திட்டத்தை எந்தத் துணிவும் ஈடுசெய்யாது என்பதே அந்த இரவின் முதற்பாடம். மார்ச் 6 அன்று ஃபிளாய்டின் குதிரைகள் கற்றதும் அதுவே. இரண்டாவது பாடம், அவர்கள் அரண்கொண்ட வீடுகள் யாருடைய வீடுகள் என்பது. கொக்குவில் பகுதி மக்களுக்கு அந்த நாட்கள் வேறொரு பெயரில் நினைவிருக்கின்றன. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் கொல்லப்பட்டது, நகரச் சண்டையின் கணக்கில் எந்தப் படைப்பிரிவின் ‘செயற்பாட்டு’ நெடுவரிசையில் எழுதப்படும்? அந்த நெடுவரிசையே இல்லாத கணக்குதான் தேர்ந்த படை வரலாறு.

பாராசூட் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் இன்று பெங்களூரில் உள்ளது. சென்னைப் பொறியாளர் படையும் இங்கேயே. நகரச் சண்டையை முதலில் சந்தித்த பேட்டையும் சில கிலோமீட்டர் தொலைவில். இந்தியாவில் நகரப் போரின் வரலாற்றை ஆராய இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. ஆயினும் இந்நகரில் 1791க்கு மிஞ்சியிருக்கும் நினைவு மிகச் சிறிது. கிருஷ்ணராஜ மார்க்கெட் அருகே கோட்டையின் டெல்லி வாயிலும் சிறிது மதிலும். ஆங்கிலப் படை இவ்வழியே தாக்கியது என்று தேதியோடு சொல்லும் ஒரு கற்பலகை. முற்றுகையில் இறந்த ஆங்கிலேயருக்காக நகராட்சி அருகே எழுப்பப்பட்டிருந்த நினைவுத்தூண் 1964இல் அகற்றப்பட்டது. காலனியத் தூணை அகற்றியதில் நியாயம் உண்டு. ஆனால் அகற்றிய இடத்தில், அதே நாளில் மடிந்த பேட்டை மக்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. உழிஞைக் கல் போயிற்று. நொச்சிக் கல் வரவில்லை.

செய்யத்தக்கவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாவது, ‘தேர்ந்த படையின் திறன்’ என்னும் தலைப்பில் ஆய்வேடு எழுதும் மாணவர், அத்திறன் எந்த எல்லைக்குள் எதை விளக்குகிறது என்பதை முதல் இயலிலேயே வரையறுக்க வேண்டும். இரண்டாவது, இழப்பு எண் ஒவ்வொன்றையும் யார் எண்ணியது, எப்படி எண்ணியது என்ற குறிப்போடு மட்டுமே பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, மாடு, வைக்கோல், தானியம், ஏணி, பள்ளம் ஆகியவற்றின் ஆவணங்களைப் போர் ஆவணங்களாகவே படிக்க வேண்டும். சென்னை ஆவணக் காப்பகத்தில் உள்ள இராணுவப் பதிவுகளில் அவை நிறையவே உண்டு. நான்காவது, ஆங்கிலத்தோடு பாரசீகம், கன்னடம், மராத்தி, தமிழ் மூலங்களைச் சேர்த்துப் படிக்கக் கூடியோர் இணைந்து உழைக்க வேண்டும். இது ஒருவரால் முடிகிற வேலையன்று. பன்மொழி நகரமான பெங்களூரின் பல்கலைக்கழகங்களுக்கு இது எட்டாத வேலையுமன்று.

வீரத்தைப் போற்றுவதில் தவறில்லை. அல்சூர் வாயிலின் பிளவுக்குள் முதலில் நுழைந்த அந்தச் சிற்றுருவ லெப்டினன்ட்டும், உடைப்பில் நின்று மடிந்த முதிய கில்லேதாரும் போற்றத்தக்கவர்களே. ஆனால் ஒரு நகரத்தின் வாயில் எவ்வளவு திறமையாக உடைக்கப்பட்டது என்பதோடு நின்றுவிடும் வரலாறு, அடுத்த வாயிலை உடைக்க விரும்புவோருக்கு மட்டுமே பயன்படும். அந்த வாயிலுக்குப் பின்னால் யார் இருந்தார்கள், உடைந்தபின் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லும்போதுதான் அது நகரத்தின் வரலாறாகும்.